பத்து லட்சம் பன்றிகளும் ஒரு மாத்திரையும்

ஐம்பதாயிரம் பெண் பன்றிகள். கசாப்புக்கூடங்களிலிருந்து அவற்றின் சினைப்பைகளை மட்டும் சேகரித்தால் 625 கிலோ. அத்தனையையும் அரைத்து, கரைத்து, கொழுப்பைப் பிரித்து, திரும்பத் திரும்ப வடித்தபின், 1934இல் டான்ட்ஸிக் நகரத்தில் அடால்ஃப் பூட்டனாண்ட் என்ற ஜெர்மன் வேதியியலாளரின் கையில் கடைசியாக மிஞ்சியது 20 மில்லிகிராம் வெண்படிகம். ஒரு சிட்டிகை உப்பு அளவுகூட இல்லை. அதுதான் புரோஜெஸ்டிரோன்.

இன்று சென்னையிலோ மதுரையிலோ கருத்தரிப்பு மையத்தை ஒட்டிய மருந்துக்கடையில் சீட்டை நீட்டினால், விரல் நுனி அளவில், ஒரு பக்கம் கூம்பிய வெள்ளை மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போடுகிறார்கள். ஒவ்வொன்றிலும் 400 மில்லிகிராம். பூட்டனாண்ட் கணக்குப்படி அதில் ஒன்றைச் செய்யப் பத்து லட்சம் பன்றிகள் வேண்டும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மருத்துவர் எழுதியிருப்பார். டாக்டர் சீட்டில் அதற்கு பெஸ்ஸரி, சப்போசிட்டரி என்று பல பெயர். நர்ஸம்மாக்கள் ‘கீழே வைக்கிற மாத்திரை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

இதே பொருளைப் பெண்ணுடல் சந்தடியில்லாமல் செய்துகொள்கிறது என்பதுதான் வேடிக்கை. மாதாமாதம் கருமுட்டை வெளியேறியதும், அது இருந்த காலிப் பை சினைப்பையிலேயே மஞ்சளாகத் திரண்டு ஒரு சிறு சுரப்பியாக மாறும். மஞ்சள் உடலம் என்பார்கள், டாக்டர்கள் மொழியில் கார்பஸ் லூட்டியம். நாளொன்றுக்குச் சுமார் 25 மில்லிகிராம் புரோஜெஸ்டிரோன் அதிலிருந்து வரும். ஐம்பதாயிரம் பன்றிகளிடமிருந்து கிடைத்ததைவிட அதிகம், ஒரே நாளில், ஒரே சினைப்பையில். கரு தங்கவில்லை என்றால் இரண்டு வாரத்தில் அது வற்றிவிடும், மாதவிடாய் வரும். கரு தங்கினால் நஞ்சுக்கொடி வளர்ந்து பொறுப்பை ஏற்கும்வரை, அதாவது ஏழெட்டு வாரம்வரை, சுரந்துகொண்டே இருக்கும்.

இந்த மஞ்சள் உருண்டையை 17ஆம் நூற்றாண்டிலேயே நெதர்லாந்தின் ரைனியர் டி கிராஃப் முயல்களில் பார்த்து எழுதிவைத்துவிட்டார். ஆனால் அது எதற்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரத்தில் கருவியல் ஆராய்ந்த குஸ்டாவ் போர்னுக்கு ஓர் ஊகம் இருந்தது: கருவைக் கருப்பையில் பதியவைப்பது இந்தச் சுரப்பிதான். சோதித்துப் பார்க்க ஆயுள் இடம் கொடுக்கவில்லை. 1900இல் அவர் இறந்துபோக, அந்த ஊகத்தை லுட்விக் ஃபிரெங்கெல் என்ற இளம் மகப்பேறு மருத்துவர் எடுத்துக்கொண்டார். சினைமுயல்களின் மஞ்சள் உடலங்களை மட்டும் சுட்டுப் பொசுக்கினார். கர்ப்பம் நிற்கவில்லை. போர்ன் சொன்னது சரி. (இந்த போர்னின் மகன்தான் பிற்பாடு குவாண்டம் இயற்பியலுக்கு நோபல் வாங்கிய மாக்ஸ் போர்ன்.)

சுரப்பி இன்னதென்று தெரிந்தாயிற்று, சுரப்பது எது? அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கார்னர் என்ற பேராசிரியரும் வில்லார்ட் ஆலன் என்ற மருத்துவ மாணவரும் பன்றிகளின் மஞ்சள் உடலத்திலிருந்து சாறெடுத்து முயல்களுக்குச் செலுத்தினார்கள். 1929இல் வேலை முடிந்தது. அதற்கு நடுவில் ஒரு கூத்து நடந்தது. ஒரே முறையில் காய்ச்சிய சாறு ஆலன் கையில் வேலை செய்கிறது, குரு கையில் செய்யவில்லை. மாதக்கணக்கில் குழப்பம். கடைசியில் பார்த்தால், கூண்டுக்குப் போகும்போது கார்னர் தன்னையறியாமல் சின்ன முயலாகப் பார்த்துப் பிடிக்கிறார், ஆலன் பெரிதாகப் பார்த்துப் பிடிக்கிறார். குட்டிமுயலின் கருப்பை இந்த மருந்துக்கு இன்னும் தயாராகியிருக்கவில்லை. சாற்றில் ஒரு குறையும் இல்லை. இந்தக் கதையை மறைக்காமல் எழுதிவைத்தவர் கார்னரேதான்.

1934இல் நான்கு குழுக்கள் ஒரே வருடத்தில் தூய படிகத்தை எட்டின: டான்ட்ஸிக்கில் பூட்டனாண்ட், பிரெஸ்லாவில் கார்ல் ஸ்லோட்டா, அமெரிக்காவில் ஆலனும் வின்டர்ஸ்டைனரும், சுவிட்சர்லாந்தில் ஹார்ட்மனும் வெட்ஸ்டைனும். ஆளுக்கொரு பெயர் வைத்திருந்ததால், அடுத்த வருடம் லண்டனில் கூடிப் பேசி புரோஜெஸ்டிரோன் என்று முடித்தார்கள். 1939இல் நோபல் பூட்டனாண்டுக்கு அறிவிக்கப்பட்டது, நாஜி அரசு வாங்க விடவில்லை. ஆனாலும் அவர் ஜெர்மனியிலேயே இருந்து செழித்தார். அந்த நாட்டில் இனி இருப்பு இல்லை என்று ஸ்லோட்டா 1935இல் பிரேசிலுக்குப் போய்விட்டார். முதல் முயலைத் திறந்த ஃபிரெங்கெல் யூதர் என்பதால் வேலை பறிபோய், கடைசியில் உருகுவேயில் தஞ்சம் புகுந்தார். இந்த மருந்தின் வரலாற்றில் பன்றிகள் மட்டும் விலை கொடுக்கவில்லை.

பன்றியை நம்பி மருந்து வியாபாரம் நடக்காது. ஒரு கிராம் புரோஜெஸ்டிரோன் 80 டாலர் விற்ற காலம் அது. அந்த விலையை உடைத்தவர் ரசல் மார்க்கர். பாடத்திட்டத்தில் ஒரு பாடம் படிக்க மறுத்து முனைவர் பட்டத்தையே உதறிவிட்டுப் போன ஆள், பிடிவாதம் எப்படி என்பதற்கு இதுவே போதும். தாவரங்களில் உள்ள சப்போஜெனின் என்ற பொருள்களின் பக்கச் சங்கிலியை வெட்டினால் புரோஜெஸ்டிரோன் வரும் என்று அவர் கண்டார். வேண்டியது அந்தப் பொருள் நிறைய இருக்கும் ஒரு செடி. 1941இல் ஒரு தாவரவியல் நூலில் மெக்சிகோவின் காட்டுவள்ளி ஒன்றின் படம் கண்ணில் பட்டது. உள்ளூரில் அதற்குக் ‘காபெசா தெ நெக்ரோ’ என்று பெயர். நம் ஊர்ப் பெருவள்ளியின் இனம்தான், ஆனால் ஒரு கிழங்கே பல கிலோ எடை வரும், தின்ன உதவாது.

1942 ஜனவரியில் மார்க்கர் மெக்சிகோ போனார். ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது. வெராக்ரூஸ் மாநிலத்தில் ஓரிசாபாவுக்கும் கோர்டோபாவுக்கும் நடுவே சாலையோரம் ஒரு பெட்டிக்கடை, கடைக்காரர் அல்பெர்த்தோ மோரேனோ. சைகையும் சமாளிப்புமாக விஷயத்தைச் சொல்ல, மறுநாள் மோரேனோ இரண்டு கிழங்குகளைக் கொண்டுவந்து கொடுத்தார். பேருந்தின் கூரையில் ஏற்றிய மூட்டைகள் இறங்கும்போது இல்லை. போலீஸ்காரர் ஒருவருக்குக் கையூட்டு கொடுத்தபிறகு ஒரு மூட்டை திரும்பி வந்தது. அந்த ஒற்றைக் கிழங்கு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. மருந்து நிறுவனங்கள் எதுவும் மெக்சிகோவில் பணம் போட முன்வரவில்லை. மார்க்கர் தன் சேமிப்பை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். மோரேனோவைக் கொண்டு டன் கணக்கில் கிழங்கு தோண்டி, நறுக்கிக் காயவைத்து, சாறெடுத்துப் பாகாகக் காய்ச்சி, அதிலிருந்து மூன்று கிலோ புரோஜெஸ்டிரோன் செய்தார். உலகம் அதுவரை அவ்வளவை ஒரே இடத்தில் பார்த்ததில்லை. அன்றைய விலைக்கு 2,40,000 டாலர்.

மெக்சிகோ நகரத்துத் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி ஒரு ஹார்மோன் கம்பெனியைக் கண்டுபிடித்து, அதன் முதலாளிகளோடு சேர்ந்து 1944இல் சின்டெக்ஸ் தொடங்கினார். ஒரே வருடத்தில் பணத் தகராறு. விலகிப் போகும்போது செய்முறையையும் தலைக்குள் வைத்துக்கொண்டே போய்விட்டார். ஆய்வகத்துப் புட்டிகளின் மேலெல்லாம் அவருக்கு மட்டுமே புரிகிற குறியீடுகள். க்யூபாவிலிருந்து ஜார்ஜ் ரோசன்கிரான்ஸ் என்ற ஹங்கேரியரை வரவழைத்துத்தான் மறுபடி முதலிலிருந்து தொடங்க முடிந்தது. பின்னர் அதே குடும்பத்தைச் சேர்ந்த பார்பாஸ்கோ என்ற கிழங்கில் சத்து இன்னும் அதிகம் என்று தெரிய, வெராக்ரூஸ், ஓஹாகா காடுகளில் ஏழை விவசாயிகள் ஆயிரக்கணக்கில் அதைத் தோண்டி எடுத்து விற்றார்கள். தாங்கள் தோண்டுவது எதற்குப் பயன்படுகிறது என்று பலருக்குத் தெரியாது. 80 டாலர் விலை சில ஆண்டுகளில் சில டாலர்களுக்கு இறங்கியது. 1975இல் மெக்சிகோ அரசு இந்த வணிகத்தைத் தன் கைக்குக் கொண்டுவர ஒரு நிறுவனத்தைத் தொடங்கியபோது, கம்பெனிகள் ஏற்கனவே சோயா எண்ணெயின் பக்கம் நகரத் தொடங்கியிருந்தன. இன்று இந்த மூலக்கூறு பெரும்பாலும் சோயா போன்ற தாவரங்களின் ஸ்டீரால்களிலிருந்து வருகிறது.

இங்கே ஒரு வார்த்தை. காட்டுவள்ளிக் கிழங்கில் புரோஜெஸ்டிரோன் இருக்கிறது, பூசினால் போதும், தின்றால் போதும் என்று களிம்பும் பொடியும் விற்கிறவர்கள் உண்டு. கிழங்கில் இருப்பது டயோஸ்ஜெனின். அதைப் புரோஜெஸ்டிரோனாக மாற்றும் வேலை ஆலைக் கொப்பரையில்தான் நடக்கும், மனித வயிற்றில் நடக்காது. பெருவள்ளியைப் பொங்கலுக்கு அவித்துச் சாப்பிடுங்கள், ருசிக்காக.

பொருள் மலிந்தது. அதை உடம்புக்குள் கொண்டுசேர்ப்பது அடுத்த தலைவலி. வாயில் போட்டால் குடல் உறிஞ்சியதை ஈரலே பெரும்பாலும் சிதைத்துவிடுகிறது. போதாததற்கு, அந்தச் சிதைவில் உண்டாகும் பொருள்கள் மூளைக்குப் போய் ஆளை அசத்தித் தூங்கவைக்கும். ஊசி போடலாம். எண்ணெயில்தான் கரையும் என்பதால் நல்லெண்ணெய் போன்ற எண்ணெயில் கரைத்துப் புட்டத்துச் சதையில் ஆழமாக ஏற்ற வேண்டும். தினம் ஒரு ஊசி, வாரக்கணக்கில். போட்ட இடம் கட்டிப்போகும், உட்கார முடியாது, வெந்நீர் ஒத்தடம்தான் துணை. கருத்தரிப்பு சிகிச்சை எடுத்த பெண்களிடம் பேசினால் முட்டை எடுத்த வலியை மறந்தவர்கள்கூட இந்த எண்ணெய் ஊசியை மறந்திருக்க மாட்டார்கள்.

மூன்றாவது வழிதான் கீழே வைப்பது. உடம்புச் சூட்டில், அதாவது 37 டிகிரியில், உருகும் கெட்டிக்கொழுப்பில் மருந்தைக் கலந்து அச்சில் வார்த்துவிட்டால், உள்ளே போனதும் வெண்ணெயாய் இளகி மருந்தை விட்டுவிடும். நம் ஊர் வெயிலில் மேஜைமேல் வைத்தாலே இளகிவிடும் என்பதால் அது வீட்டில் தங்குமிடம் பெரும்பாலும் குளிர்பதனப்பெட்டி. தயிருக்கும் கறிவேப்பிலைக்கும் பக்கத்தில் அந்த அட்டைப்பெட்டி. கூட்டுக்குடும்பத்தில் அது யார் கண்ணில் படும், யார் என்ன கேட்பார்கள் என்பது மருத்துவர் சீட்டில் எழுதாத பிரச்சினை. வைத்தபின் அரைமணி நேரம் படுத்திருக்கச் சொல்வார்கள். காலை ஏழு மணிக்கு அடுப்படியில் இருக்க வேண்டிய மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். எழுந்தபின் உருகிய கொழுப்பு வெள்ளையாகக் கசியும், பேடு வைக்காமல் வெளியே போக முடியாது. மருந்தே வெளியே வந்துவிட்டதோ என்று முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் பதற்றம். வெளியே வருவது பெரும்பாலும் கொழுப்புதான்.

இந்த மாத்திரை முதலில் புகழ்பெற்றது பிள்ளைப்பேற்றுக்காக அல்ல. லண்டன் மருத்துவர் கேத்தரினா டால்டனுக்கு மாதவிடாய்க்கு முன் வரும் ஒற்றைத் தலைவலி கர்ப்பகாலத்தில் காணாமல் போனது. காரணம் புரோஜெஸ்டிரோன்தான் என்று முடிவுகட்டி, 1953இல் ரேமண்ட் கிரீனுடன் மாதவிடாய்க்கு முந்தைய அவதி பற்றிக் கட்டுரை எழுதினார். பிறகு பல்லாண்டுகள் முதலில் ஊசியாகவும் பின்னர் சப்போசிட்டரியாகவும் அதையே பெண்களுக்குக் கொடுத்தார். பிரிட்டனில் சைக்ளோஜெஸ்ட் என்ற பெஸ்ஸரிக்குக் கிடைத்த உரிமமும் மாதவிடாய்க்கு முந்தைய அவதிக்கும் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கும்தான். ஆனால் 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு, அந்த அவதிக்கு இந்த சப்போசிட்டரி வெற்று மாத்திரையைவிட உபயோகம் இல்லை என்று சொல்லிவிட்டது. டால்டன் நேர்மையான மருத்துவர், நோயாளிகளின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டவர். மருந்தின் விஷயத்தில் மட்டும் நம்பிக்கை முன்னால் போய்விட்டது, சோதனை பல வருடம் பின்னால் வந்தது.

அதற்குள் மாத்திரைக்கு வேறு வேலை கிடைத்திருந்தது. சோதனைக்குழாய் சிகிச்சையில் ஊசி போட்டு ஒரே மாதத்தில் பத்து, பதினைந்து முட்டைகளை வளர்க்கிறார்கள். அளவுக்கு மீறிய ஹார்மோன்களைப் பார்த்து மூளை, மஞ்சள் உடலத்தை இயக்கும் தன் கட்டளையை நிறுத்திவிடுகிறது. பை நிறைய மஞ்சள் உடலங்கள் இருந்தும் எல்லாம் சீக்கிரமே வற்றிப்போகும். வெளியிலிருந்து புரோஜெஸ்டிரோன் தராவிட்டால் கரு பதிய இடமிருக்காது. 1978இல் பிறந்த முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுனுக்கு இந்தச் சிக்கல் இல்லை, முட்டைப்பெருக்க ஊசிகள் தோற்றபின் இயற்கையாக வளர்ந்த ஒற்றை முட்டையில்தான் அவர் உருவானார்.

புரோஜெஸ்டிரோன் மட்டும் இருந்தால் கர்ப்பம் நிற்குமா என்பதை 1970களின் தொடக்கத்தில் ஆர்பாட் சாபோ காட்டினார். கருக்கலைப்பை நாடி வந்த பெண்களில் ஏழு வாரத்துக்கு முன் மஞ்சள் உடலத்தை அகற்றினால் கரு கலைந்தது, அதன்பின் அகற்றினால் நின்றது, முன்பே அகற்றிப் புரோஜெஸ்டிரோன் கொடுத்தாலும் நின்றது. 1984இல் மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு இன்னும் ஒருபடி போனது. சினைப்பை செயலிழந்த ஒரு பெண்ணுக்கு இன்னொருவர் தந்த முட்டையில் உருவான கருவை வைத்து, ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் புரோஜெஸ்டிரோன் பெஸ்ஸரியும் கொடுத்துக் கர்ப்பத்தைக் காத்தது. சினைப்பையின் துணையே இல்லாமல் ஒரு தாய். பன்றிகளில் தொடங்கிய பயணம் நியாயப்படி வந்துசேர வேண்டிய இடம் அதுதான்.

பிற்பாடு ஒரு விநோதம் தெரியவந்தது. கீழே வைத்தவர்களின் ரத்தத்தில் மருந்து குறைவாகவும், ஊசி போட்டவர்களின் ரத்தத்தில் அதிகமாகவும் இருந்தது. கருப்பையின் உட்சுவரைச் சோதித்தால் அப்படியே தலைகீழ். பக்கத்திலிருந்து நேராகக் கருப்பைக்குள் இறங்கிவிடுகிறது, ஊர்சுற்றாமல். ஆகவே ரத்தப் பரிசோதனைத் தாளில் எண் குறைவாக இருப்பதைப் பார்த்து மட்டும் கலங்க வேண்டியதில்லை என்று மருத்துவர்கள் சொல்லி வந்தார்கள். ஆனால் அண்மை ஆய்வுகளில், உறைந்த கருவை ஹார்மோன் கொடுத்துத் தயார்செய்த கருப்பையில் வைக்கும்போது ரத்த அளவு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராமுக்குக் கீழே போனால் கர்ப்பம் நிற்பது குறைகிறது என்று வந்திருப்பதால், சில மையங்களில் பெஸ்ஸரியோடு எண்ணெய் ஊசியும் திரும்பி வந்திருக்கிறது.

கரு வைத்த நாளிலிருந்து பரிசோதனை நாள்வரை உள்ள இரண்டு வாரம் இருக்கிறதே, அங்கேதான் இந்த மாத்திரை மிகவும் கொடுமைப்படுத்துகிறது. மார்பு கனக்கும், வயிறு உப்பும், பகலிலேயே தூக்கம் சொக்கும், நாள் தள்ளிப்போகும். எல்லாம் கர்ப்பத்தின் அறிகுறி, எல்லாம் மருந்தின் வேலையும்கூட. ‘ஏதாவது விசேஷம் உண்டா?’ என்று கேட்பவர்களுக்கு மட்டுமல்ல, தனக்குத் தானே சொல்லிக்கொள்ளவும் அந்தப் பெண்ணிடம் பதில் இருக்காது. ரத்தத்தில் கர்ப்பத்தைக் காட்டும் எச்.சி.ஜி. ஹார்மோனைப் பார்க்கும்வரை உடம்பு சொல்வது எதையும் நம்ப முடியாது. இல்லை என்று வந்தால் மாத்திரையை நிறுத்த வேண்டும், நிறுத்திய சில நாளில் உதிரம் வந்துவிடும். உண்டு என்று வந்தால் பத்துப் பன்னிரண்டு வாரம்வரை தொடரும்.

மலிவாகவும் பெரிதாகத் தீங்கில்லாமலும் ஒரு மருந்து கிடைத்துவிட்டால் அது எல்லாச் சீட்டிலும் ஏறிவிடும். இயற்கையாகக் கருவுற்று, எந்தக் கோளாறும் இல்லாதவருக்கும் ‘ஒரு சப்போர்ட்டுக்கு’ என்று எழுதிக்கொடுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். உண்மையில் யாருக்கு இதனால் பலன் என்பதற்கு விடைதேடி பர்மிங்ஹாமின் பேராசிரியர் அரி குமாரசாமி தலைமையில் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. காரணம் தெரியாமல் தொடர்ந்து கருக்கலைந்த 836 பெண்களில், 2015இல் வெளியான முடிவின்படி, மருந்து பெற்றவர்களில் 65.8 சதவீதத்தினருக்கும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் 63.3 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தொடக்கத்திலேயே உதிரப்போக்கு கண்ட 4,153 பெண்களில் நடந்த ஆய்வு 2019இல் வந்தது: 75க்கு 72. அதிலும் மொத்தத்தில் நிரூபணம் இல்லை. ஆனால் அவர்களில் முன்பு மூன்று முறையோ அதற்கு மேலோ கரு கலைந்தவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 72க்கு 57. ஆகவே 2021இல் பிரிட்டன், இப்போது உதிரம் படுகிற, முன்பும் ஒரு முறையாவது கரு கலைந்த பெண்களுக்கு 400 மில்லிகிராம் இருவேளை என்று வகுத்தது. உதிரமும் இல்லை, முன்கதையும் இல்லை என்றால் அந்தப் பரிந்துரையில் இடமில்லை. என்னைக் கேட்டால், நம்மூர் மகப்பேறு மருத்துவர்களின் மேஜைக்கண்ணாடிக்கு அடியில் இருக்க வேண்டிய தாள் இது.

குறைப்பிரசவத்திலும் இதற்கு ஒரு தெளிவான இடம் உண்டு. கருப்பைவாய் நீளம் குறைந்த பெண்களுக்கு இரவில் 200 மில்லிகிராம் வைத்தபோது, 34 வாரத்துக்கு முன் பிரசவம் ஆவது 34.4 சதவீதத்திலிருந்து 19.2 சதவீதத்துக்கு இறங்கியதாக 2007 ஆய்வு ஒன்று காட்டியது. அதே வேலைக்கு என்று அமெரிக்காவில் ஊசியாக விற்ற வேறொரு புரோஜெஸ்டிரோன் வகை, பலன் உறுதிப்படாததால் 2023இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

இப்போது கதை மறுபடியும் மஞ்சள் உடலத்திடமே போயிருக்கிறது. உறைந்த கருவை வைக்கும்போது மாதவிடாய்ச் சுழற்சியையே மாத்திரைகளால் ஓட்டுவது மையங்களுக்கு வசதி, தேதி கையில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை வேலை வராது. அப்படி ஓட்டினால் கருமுட்டை வெளியேறாது, மஞ்சள் உடலமும் உண்டாகாது. இந்தப் பெண்களுக்குப் பிற்பாடு கர்ப்பகால ரத்தக் கொதிப்பு அதிகம் வருவதைச் சென்ற பத்தாண்டுகளில் கவனித்தார்கள். மஞ்சள் உடலம் புரோஜெஸ்டிரோனோடு ரிலாக்சின் போன்றவற்றையும் சுரக்கிறது, கர்ப்பத்துக்கேற்ப ரத்தக்குழாய்களைத் தளர்த்துவதில் அவற்றுக்குப் பங்கு இருக்கலாம் என்கிறார்கள். பெஸ்ஸரியில் அவை கிடையாது. அதனால் மாதாமாதம் ஒழுங்காகக் கருமுட்டை வெளியேறும் பெண்களுக்கு, இயற்கைச் சுழற்சியிலேயே கருவை வைக்கும் மருத்துவர்கள் பெருகிவருகிறார்கள். ஸ்கேனுக்கு இரண்டு தடவை கூடுதலாக வர வேண்டியிருக்கும். மாத்திரையும் பெரும்பாலும் எழுதப்படும், ஆனால் துணைக்கு மட்டும்.